முப்பிடாதியை வைக்கலாமா என்று கேட்டீர்களே

நான் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அம்மிணி. எட்டாவதோடு நின்றவள் நான். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்வேன், சொல்லக்கூடாததை முதலிலேயே உளறிவிடுவேன். அதனால் நடுவில் குறுக்கே பேசாதீர்கள். பேசினால் எனக்குக் குழம்பிவிடும்.

முதலில் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். அவள் என்னைப் பற்றி உங்களிடம் ஏதாவது சொன்னாளா? ஒன்றும் சொல்லவில்லையா? "கரூர் அக்காகிட்ட வேலை பாத்தேன், அவுககிட்டயே கேட்டுக்கிடுங்க" என்றாளா, அவ்வளவுதானா? வேறு ஒன்றும் இல்லையே? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

சரி. உட்காருங்கள். மோர் குடியுங்கள். அந்தத் தாம்பாளத்தை மட்டும் தொடாதீர்கள், மயிலுக்கு ஒட்டின பசை இன்னும் காயவில்லை.

நாமக்கல்லில் வீட்டிலேயே கேக் செய்கிறீர்கள். ஆர்டர் ஏறிவிட்டது. போனுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வைக்கலாமா, எப்போது வைப்பது, வைத்தால் முப்பிடாதியை வைக்கலாமா. இதைக் கேட்கத்தானே பஸ் ஏறி வந்தீர்கள்? நல்லவேளை வந்தீர்கள். போனில் கேட்டிருந்தால் நான் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன்.

எப்போது வைப்பது என்றால், கை இரண்டும் வேலையில் இருக்கிறபோது போன் அடித்து, அதை மூக்கால் தேய்த்து எடுக்கிற நிலைமை வரும் பாருங்கள், அப்போது வைக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் தொழில் உங்களுக்குத் தெரியும். சீர்த்தட்டு. கல்யாணம், வளைகாப்பு, பெண் பெரிய மனுஷி ஆகிற சடங்கு, எதுவானாலும் தட்டுகளை ஜோடித்து வாடகைக்குக் கொடுப்பேன், ஆரத்தி கரைத்துத் தருவேன். தட்டு ஜோடிக்கிறவர்கள் இந்தக் கரூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். என்னைத் தேடி வருவது தட்டுக்காக இல்லை. முதல் தட்டை நான் தூக்கிக் கொடுக்க வேண்டும். "வசந்தாமணி தூக்கிக் குடுத்தா அந்தக் குடும்பம் குறையில்லாம இருக்கும்" என்று ஒரு பேர். என் நெற்றியைப் பார்த்து, கழுத்தைப் பார்த்து, அப்புறம்தான் தட்டைப் பார்ப்பார்கள். என் சோறு அதில் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் வடக்கே போர் வண்டியில் வேலை. ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி. அந்த வேலையில் லீவு கிடைக்காது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது போனவர். இப்போது அவளுக்கே கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். "போன்ல பேசறாருங்களா?" என்று விசேஷ வீடுகளில் கேட்பார்கள். பேசுகிறார் என்பேன். வேறு என்ன சொல்வது?

அதை விடுங்கள். போன்தானே கதை. ஒரு தடவை வாத்தியார் வீட்டில் அறுபதாம் கல்யாணத்துக்குத் தட்டு கேட்டார்கள். நான் கை முழுக்கப் பசையோடு, யாருக்கோ அனுப்ப வேண்டிய சடங்குத் தட்டுப் படத்தை அவருக்கு அனுப்பி, "குழந்தை பெரிய மனுஷி ஆனதுக்கு வாழ்த்துகள்" என்று வேறு பேசி அனுப்பிவிட்டேன். வாத்தியார் கூப்பிட்டார். "ஏனுங்க, எங்கூட்டு அம்மாளுக்கு அம்பத்தெட்டு வயசுங்க. இனி ஆகறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். சிரிக்காதீர்கள். அந்த ஆர்டர் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் ஆள் தேடினேன். வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று அதற்குப் பேராம். ஆள் வீட்டுக்கு வர மாட்டாள். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நம் கடை போனைப் பார்த்துக்கொள்வாள். தெரிந்த பெண் ஒருத்தி முப்பிடாதியைச் சொன்னாள். அம்பாசமுத்திரம் பக்கம். பேரே ஒரு மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். குரல் நன்றாக இருந்தது. போட்டோ அனுப்பத் தெரியுமா, தெரியும். ஸ்டேட்டஸ் போடத் தெரியுமா, தெரியும். முகூர்த்தத் தேதி பார்த்துச் சொல்லத் தெரியுமா, அதுவும் தெரியும். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்கவில்லை. நான் யாரையும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் திருப்பிக் கேட்பார்கள்.

அதுதான் நான் செய்த தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

பகலில் வருகிற அழைப்பெல்லாம் அவளுக்குப் போகும்படி செய்து வைத்தேன். நானே பேசுகிற மாதிரிதான் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடப் பழக்கினேன். போடுவாள். அவசரத்தில் "வந்துருவியளா?" என்று அவள் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "என்னங்க்கா, போன்ல திருநெல்வேலிக்காரி மாதிரி பேசறீங்க? குரல்கூடச் சின்னப் பொண்ணு மாதிரி இருக்குது" என்பார்கள் இங்கே. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை.

வேலை நன்றாகத்தான் பார்த்தாள். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் செய்வாள், நான் சொல்லாமலே. விசேஷத்தன்று காலையில் அந்த வீட்டுக்குக் குரல் அனுப்புவாள். "இன்னைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கும். பொண்ணு மகராசியா இருக்கும்" என்று. அது என்னமோ ஜனங்களுக்கு அப்படிப் பிடித்துவிட்டது. வளைகாப்பு நடத்தின ஓர் அம்மா பேரன் பிறந்ததும் சர்க்கரையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். "உங்க வாய்முகூர்த்தம்ங்க" என்றாள். ஆமாம், என் வாய் அப்படித்தான் என்றேன். கடை என்னுடையது, நம்பர் என்னுடையது, அப்போது வாயும் என்னுடையதுதானே?

வைகாசியில் கொசுவலைக் கம்பெனி முதலாளி வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. ஊரில் இருக்கிற பெரிய வீடெல்லாம் கூடுகிற கல்யாணம். நான்தான் முதல் தட்டைத் தூக்கி முன்னால் நடக்க வேண்டும் என்று முதலாளி சம்சாரம் சொல்லிவிட்டாள். அது நன்றாக நடந்துவிட்டால் அப்புறம் நான் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். கெட்டால் எல்லாமே கெட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள். தேங்காய்க்கு ஜரிகை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். முப்பிடாதி கூப்பிட்டாள். செய்திதான் அனுப்புவாள், கூப்பிட மாட்டாள்.

"அக்கா, பக்கத்துல யாராவது இருக்காகளா?"

"எதுக்கு?"

"கொஞ்சம் உக்காந்துக்கிடுங்கக்கா."

"உக்காந்துதான் இருக்கறேன். சொல்லு. தட்டு எண்ணிக்கைய மாத்தறாங்களா?"

"இல்லக்கா. ராய்ப்பூர்ல இருந்து ஒருத்தர் பேசினாரு. இட்லிக் கடை வச்சிருக்காராம், நம்ம தமிழ் ஆளு. அவர் கடைக்கு மேல ரூம்புல சென்னியப்பன்னு ஒருத்தர் இருந்தாராம். நேத்து நெஞ்சு வலின்னு சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே..." நான் தேங்காயைத் திருப்பிப் பிடித்தேன். "அவுக போன்ல நம்ம நம்பரு 'வீடு'ன்னு இருந்துச்சாம்க்கா."

வீடாம். பாருங்கள், வீடாம். விட்டுவிட்டுப் போனவருக்கு... வேலைக்குப் போனவருக்கு, என்ன வீடு?

தப்பான நம்பராக இருக்கும் என்றேன். என் வீட்டுக்காரர் பேரும் அதுதானே என்று நீங்கள் கேட்டால், சென்னிமலை முருகனைக் கும்பிடுகிற சீமை முழுக்கச் சென்னியப்பன்தான். கரூர் தாந்தோணிமலை என்று சொல்லியிருக்கிறார், மகள் பேர் சுகந்தி என்று சொல்லியிருக்கிறார் என்றாள். என் மகள் பேரும் சுகந்திதான். அதனால் என்ன? உலகத்தில் ஒரே ஒரு சுகந்திதானா? இட்லிக்கடைக்காரன் படம்கூட அனுப்பியிருந்தான். பார்த்தேன். முகம் ஒடுங்கி, தாடி வைத்த ஆள். என் வீட்டுக்காரருக்குத் தாடி கிடையாது. இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது. புருவத்தில் வெட்டு யாருக்கு வேண்டுமானாலும் இருக்கும். அது அவர் இல்லை என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். நான் முடிவு பண்ணினால் முடிவுதான்.

"டிக்கெட் பாக்கட்டுமாக்கா? நாளை சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பாகளாம்" என்றாள்.

"நாளைக்குக் கல்யாணம் இருக்குது. உனக்குத் தெரியாதா?"

"அக்கா, ஒரு தடவ முகத்தப் பாத்துருங்க. எங்க வீட்ல அவுக போனப்ப, வேண்டாம், வண்டில அடிபட்ட உடம்பு, நீ பாக்காதன்னாக. நான் பாத்துட்டேன். பாக்காம இருந்திருந்தா இன்னைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். பாத்துருங்கக்கா."

"யாரு போனது?"

"எங்க வீட்டுக்காரவுக. பிள்ள கைப்பிள்ளையா இருக்கும்போதே."

அம்மிணி, அப்போதுதான் கையில் இருந்த தேங்காய் உருண்டுவிட்டது. இத்தனை கல்யாணம், இத்தனை வளைகாப்பு, காலங்காத்தாலே முதல் முதலாகக் காதில் விழுந்த குரல் தாலி அறுத்தவளின் குரலா! மகராசியாக இரு என்று சொன்னது அந்த வாயா! கொசுவலைக் கம்பெனி வீட்டுப் பெண்ணிடம்கூடப் பேசியிருக்கிறாளே, பட்டுப்புடவை என்ன நிறம் என்று. ராய்ப்பூர் விஷயமே எனக்கு மறந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு அதிர்ச்சி.

"ஏன்டீ, இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயேக்கா."

எப்படிப் பேச்சு பாருங்கள். நான் கேட்கவில்லையாம்.

"அந்தாளு மறுபடி கூப்பிட்டா ராங் நம்பர்னு சொல்லிடு" என்றேன்.

"அனாதைன்னு எழுதிருவாகக்கா."

"எழுதட்டும். யாருமில்லாதவன் அனாததானே."

"சரிக்கா. தலைக்கு மட்டும் ஒருவாட்டி தண்ணி ஊத்திக்கிடுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்து வைத்துவிட்டேன். யாரோ ஓர் ஆளுக்கு நான் எதற்குத் தலை முழுக வேண்டும்? அன்றைக்குச் சாயங்காலம் குளித்தேன்தான். பகல் முழுக்க ஜரிகைத் தூள் தலையில் கொட்டி அரிப்பு எடுத்தது. அதனால் குளித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை. அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. நான் முதல் தட்டைத் தூக்கினேன், நாதஸ்வரக்காரர் என்னைப் பார்த்துத்தான் வாசிக்க ஆரம்பித்தார். முதலாளி சம்சாரம் என் கையைப் பிடித்துப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைக்கச் சொன்னாள். ஒரு துளி மூக்கில் சிந்தவில்லை. அங்கேயே ஆவணிக்கு நான்கு வீட்டில் பேசிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றுகிறேன், அவள் கூப்பிட்டாள். "அக்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்றாள். நான் கல்யாணத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, "ஆமா, பந்திகூடக் குறையில்ல" என்றேன்.

"இல்லக்கா. அங்க. நான் தங்கச்சி பேசுதேன்னு சொல்லிட்டேன், கோவிச்சுக்கிடாதிய. அந்த இட்லிக்கடை அண்ணாச்சிதான் கொள்ளி வச்சாரு. மாலை போடச் சொன்னேன். வாயில பால் விடச் சொன்னேன். பேரு சொல்லித்தான் அனுப்புனாக. அனாதையா போகலக்கா."

இவளை யார் கேட்டார்கள்? சொல்லுங்கள். போனைப் பார்த்துக்கொள்ளத்தானே வைத்தேன்? என் குடும்பத்தில் தங்கச்சி ஆவதற்கு இவள் யார்? ஆர்டர் எடு என்றால் ஆர்டர் எடுக்க வேண்டும். ராங் நம்பர் என்று சொல்லச் சொன்னால் ராங் நம்பர் என்று சொல்ல வேண்டும். இதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். போனை ஒருத்தி கையில் கொடுத்தால் பீரோச் சாவியைக் கொடுத்த மாதிரி.

அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சம்பளம் ஏற்றச் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை. வழக்கம்போல "அக்கா, இன்னைக்கு ரெண்டு பேர் கேட்டாக" என்று செய்தி அனுப்புகிறாள். அதுதான் பயம். கேட்கிறவளைச் சமாளிக்கலாம். ஒன்றுமே கேட்காமல் இருக்கிறவள் பெரிதாக எதையோ நினைத்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். இல்லையா? அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊரில் ஒரு வீட்டு வாசலில்கூட என்னை ஏற்ற மாட்டார்கள். நானே ஏற்ற மாட்டேனே, அப்படிப்பட்டவளை!

அவள் பேசுவதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன். என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போகிற மாதிரி என் குரலிலேயே பேசி அனுப்பினேன். "அம்மாமார்களே, உங்களுக்கெல்லாம் காலையில் வாழ்த்து சொன்னது நான் வைத்திருந்த ஒரு பெண். அவள் தாலி அறுத்தவள். என்னிடம் மறைத்துவிட்டாள். தெரிந்த நிமிஷமே நிறுத்திவிட்டேன். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிடுங்கள், கோயிலில் ஒரு விளக்கு ஏற்றிவிடுங்கள். அந்தக் கோபத்தில் அவள் என்னைப் பற்றி, என் தாலியைப் பற்றி, என்ன வேண்டுமானாலும் கதை கட்டுவாள். நம்பாதீர்கள்." அழுதேன் பேசும்போது. நிஜமாகவே அழுகை வந்தது. அதை அழிக்காமல் அப்படியே அனுப்பினேன்.

அவள் நம்பரையும் அதற்குக் கீழே போட்டேன். யாரும் ஏமாறக்கூடாது பாருங்கள்.

கூப்பிட்டவர்கள் எல்லோரும் எனக்காகத்தான் வருத்தப்பட்டார்கள். சிலர் அவளையே கூப்பிட்டுக் கிழித்திருக்கிறார்கள். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிற ஒரு கடைக்கும், மருதாணி போடுகிற பெண் ஒருத்திக்கும் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டும் அன்றைக்கே நின்றுபோயிற்று. பேரன் பிறந்ததற்குச் சர்க்கரை கொண்டுவந்தாளே, அந்த அம்மா மட்டும், "எதுக்குங்க இத்தன பேச்சு? அந்தப் புள்ள சொன்ன வாக்கு நல்லாத்தானுங்க பலிச்சுது" என்றாள். சில பேருக்கு எதுவும் விளங்காது.

முப்பிடாதி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"அக்கா, உங்க பயம் எனக்குத் தெரியும். நான் யாருட்டயும் வாயத் திறக்க மாட்டேன். பிள்ள இப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருக்கு. வேற யாரும் விசாரிச்சா, வேலை நல்லா பாப்பான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்க்கா."

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன் பாருங்கள், உங்களிடம். வேலை நன்றாகத்தான் பார்ப்பாள். நான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுகிறவள். மற்றதை நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் கேக் என்றாலும் அதுவும் குழந்தை குட்டி இருக்கிற வீட்டு விசேஷம்தானே? ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உங்களைத்தானே சொல்வார்கள்?

மகளுக்கா? சுகந்திக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? தப்பான தகவலைச் சொல்லி வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கலக்குவார்களா? அவள் வளைகாப்புக்கு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். "ஏம்மா, குரலாவது அனுப்பச் சொல்லு" என்கிறாள். அங்கே சிக்னல் இல்லை என்று சொன்னேன்.

ஆனாலும் பயம் போகவில்லை. விசேஷ வீட்டில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துப் பேசினால் என்னைத்தான் பேசுகிறார்களோ என்று இருந்தது. ஒருத்தி என் கழுத்தையே பார்த்தாள், அப்புறம்தான் தெரிந்தது, சங்கிலி டிசைனைப் பார்த்திருக்கிறாள். இப்படியே இருந்தால் நானே ஒரு நாள் உளறிவிடுவேன் என்று தோன்றியது.

அதனால் ஆடிப்பெருக்குக்கு வேன் பேசினேன். வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் என் செலவில் நெரூருக்கு, காவிரிக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காதோலை, கருகமணி, மாவிளக்கு, சித்திரான்னம், எதிலும் குறை வைக்கவில்லை. கொசுவலைக் கம்பெனி முதலாளியின் அம்மா, பேத்தி கல்யாணம் பார்த்த சுமங்கலிக் கிழவி, அந்த அம்மாளைப் படியில் உட்கார வைத்து, நான் அவள் முன்னால் உட்கார்ந்து, புது மஞ்சள் கயிற்றைக் கையில் கொடுத்து, "நீங்களே கட்டி உடுங்க ஆத்தா, அவர் நல்லா இருக்கோணும்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கட்டினாள். அத்தனை பெண்களும் குலவை போட்டார்கள். வீடியோ எடுக்கச் சொல்லி, அங்கிருந்தே ஸ்டேட்டஸில் போட்டேன்.

அப்புறம் பழைய கயிற்றை ஆற்றில் விட்டேன். அது போகவில்லை. படிக்கட்டு ஓரத்திலேயே ஒதுங்கி, சுற்றிச் சுற்றி என் காலடிக்கே வந்தது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை. காலால் தள்ளிவிட்டேன்.